சீன உணவும் நம் இல்லத்து ஸஹனும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தையொட்டி, மஃரிப் தொழுகைக்குப் பின் நடைபெற்ற குடும்ப நல அமர்வில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் சிலர் முகத்தில் புன்னகை தோன்றக்கூடும். தொழுகையைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியும் பேச வேண்டிய இமாம், ஃப்ரைடு ரைஸையும் நூடுல்ஸையும் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று எண்ணக்கூடும். ஆனால் ஒரு முஸ்லிமின் வாயினுள் செல்லும் கவளத்திற்கும் அவன் கேட்கும் துஆவிற்கும் தொடர்பு உண்டு என்று நம் மார்க்கம் கற்பிக்கின்றது. ஹலாலானவற்றையும் தூய்மையானவற்றையும் உண்ணுமாறு இறைவன் தன் திருமறையில் மனித குலம் முழுவதையும் நோக்கிக் கட்டளையிடுகின்றான். ஆகவே அடுப்பங்கரையும் மார்க்கத்திற்கு வெளியே உள்ள இடமன்று.

ஒரு தாயின் துண்டுச் சீட்டு

சில காலத்திற்கு முன் ஒரு ஜுமுஆ உரையில், இரவு நேரங்களில் நம் பிள்ளைகள் தெருவோரத் துரித உணவுக் கடைகளில் கூடுவதைப் பற்றிக் கடுமையாகப் பேசினேன். 'சீன உணவு' என்ற பெயரால் எதையோ தின்று, உடலையும் ஈமானையும் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றேன். உரை நன்றாக இருந்ததென்று பலரும் கைகொடுத்துச் சென்றனர். எனக்கும் மனநிறைவாகவே இருந்தது.

அடுத்த வாரம் மதரஸாவிற்கு ஓத வரும் ஒரு சிறுமி, தன் உம்மா தந்ததாக ஒரு துண்டுச் சீட்டை என்னிடம் நீட்டினாள். அதில் எழுதியிருந்ததன் கருத்து இதுதான்: "ஹஸ்ரத், என் மகன் இரவில் வெளியே சாப்பிட்டு வந்தால் இன்ன இடத்தில் சாப்பிட்டேன் என்று என்னிடம் சொல்லுவான். உங்கள் பயானுக்குப் பிறகு அவன் அங்கே போவதை நிறுத்தவில்லை. என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்திவிட்டான். அவன் கேட்கும் சாப்பாட்டை நான் வீட்டிலேயே சமைத்துக் கொடுத்தால் மார்க்கத்தில் குற்றமாகுமா?"

அச்சீட்டைப் படித்து நான் வெட்கினேன். ஒரு வாசலை அடைக்கச் சொன்ன நான், திறந்திருக்க வேண்டிய வாசல் எது என்று காட்டத் தவறிவிட்டேன். அத்தாயின் கேள்விக்குரிய விடையைத் தேடியதன் விளைவே இன்றைய உரை. அந்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்: அம்மா, குற்றமாகாது. பொருள்கள் ஹலாலாக இருந்து, பிள்ளையை இல்லத்தின் ஸஹனுக்குத் திருப்பும் நிய்யத்தும் சேருமானால், இன்ஷா அல்லாஹ், அந்த அடுப்படியில் நீங்கள் நிற்கும் நேரம் நன்மையாகவே எழுதப்படும்.

அயல்நாட்டு உணவு என்பதனால் விலக்காகுமா?

உணவு விஷயத்தில், விலக்கப்பட்டது என்பதற்குச் சான்று இல்லாதவரை அது ஆகுமானது என்பதே நம் அறிஞர்கள் வகுத்துள்ள அடிப்படை. நமக்குப் பழக்கமில்லாதது என்பது ஒரு காரணமாகாது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில், சுட்ட உடும்பு நபி (ஸல்) அவர்களின் முன் வைக்கப்பட்டது. அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், இது ஹராமா என்று வினவினார்கள். இல்லை, இது என் சமுதாயத்தாரின் மண்ணில் இருக்கவில்லை, ஆகவே என் மனம் இதை விரும்பவில்லை என்னும் கருத்துப்பட நபியவர்கள் பதிலளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பிராணியைப் பற்றி மத்ஹபுகள் கூறும் சட்ட விவரம் வேறு. நாம் இங்கே பெறும் படிப்பினை, ஒருவரின் விருப்பமின்மை வேறு, மார்க்கத்தின் விலக்கல் வேறு என்பதாகும். என் ஜுமுஆ உரையில் இவ்விரண்டையும் நான் கலந்துவிட்டேன்.

மேலும், சீனம் நமக்கு அவ்வளவு அந்நியமானதும் அன்று. தேநீரில் நாம் கலக்கும் சர்க்கரையைச் 'சீனி' என்கின்றோம். குழிந்த இரும்புச் சட்டிக்குச் 'சீனச்சட்டி' என்று நம் முன்னோர் பெயரிட்டனர். சீன நாட்டுப் பேரரசின் கடற்படைத் தலைவராக 1405 முதல் 1433 வரை ஏழு பெரும் கடற்பயணங்களோடு இணைத்துப் பேசப்படும் செங் ஹோ, யுன்னான் மாநிலத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவர் காலத்தில் 1409 ஆம் ஆண்டிட்டுப் பொறிக்கப்பட்டு, இலங்கையின் காலி நகரில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்துள்ளது. அக்கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடலில் வணிகம் செய்த காலத்தின் சாட்சி அது.

இன்று நம் தெருக்களில் 'சைனீஸ்' என்று விற்கப்படுவதோ பெரும்பாலும் இந்திய மண்ணில் உருவான சமையல். 18 ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் கொல்கத்தாவில் வந்து குடியேறிய சீன மக்கள், தம் சமையலை இந்நாட்டு நாவிற்கேற்ப மாற்றிக்கொண்டனர். 'சிக்கன் மஞ்சூரியன்' என்பதை 1975 இல் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையற்கலைஞர் உருவாக்கியதாகக் கூறப்படுகின்றது. நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் இவற்றோடு கரம் மசாலாவிற்குப் பதிலாகச் சோயா சாஸைச் சேர்த்ததே அதன் புதுமை. சீனாவின் மஞ்சூரியாவிற்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை.

சீன முஸ்லிம்களின் சமையலறை

சகோதரர்களே, சீன உணவு என்றதும் பன்றியும் மதுவுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் அந்நாட்டில் ஹுய் எனப்படும் முஸ்லிம்கள் மட்டும் 1 கோடிக்கும் அதிகமாக வாழ்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். ஷியான் நகரின் பெரிய பள்ளிவாசலில் இன்று நாம் காணும் கட்டடங்கள் மிங் அரசமரபின் காலத்தில், 1392 இல் எழுப்பப்பட்ட அமைப்பைச் சார்ந்தவை. அங்குள்ள முஸ்லிம் உணவகங்களின் பெயர்ப்பலகைகளில் 'சிங்ஜென்' என்ற சொல் காணப்படும். ஹலால் என்பதற்கு அவர்கள் வழங்கும் சொல் அது. தூய்மையும் உண்மையும் என்பது அதன் நேர்ப்பொருள். சொல்லிலேயே எத்துணை அழகிய படிப்பினை! உணவு தூய்மையாகவும் இருக்க வேண்டும், அதை அளிப்பவர் உண்மையாளராகவும் இருக்க வேண்டும்.

லான்சோ நகரின் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சீனா முழுவதிலும் புகழ்பெற்றது. அதை வளர்த்தெடுத்தவர்கள் ஹுய் முஸ்லிம்களே. மாவைக் கையாலேயே இழுத்து இழுத்து நூலாக்கி, தெளிந்த இறைச்சிச் சாற்றில் இட்டு, முள்ளங்கியும் கொத்தமல்லி இலையும் மிளகாய் எண்ணெயும் சேர்த்துத் தருகின்றனர். ஷியான் நகரில் ஆட்டிறைச்சிச் சாற்றில் கெட்டியான ரொட்டியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிய்த்துப் போட்டு உண்ணும் ஓர் உணவு உண்டு. உண்பவரே தம் கையால் ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தில் இட்டுக்கொடுப்பது அங்கே வழக்கம். இதைக் கேட்டதும் நபி (ஸல்) அவர்கள் விரும்பி உண்ட 'ஸரீத்' நம் நினைவிற்கு வரவில்லையா? இறைச்சி ஆணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைப்பதுதானே ஸரீத்! மதீனாவிலும் ஷியானிலும் நம் வீட்டு நோன்புப் பெருநாள் காலையிலும் ரொட்டியும் ஆணமும் ஒன்றையொன்று தேடிக்கொள்கின்றன.

எனவே, சீனச் சமையலை ஹலாலாகச் செய்ய முடியுமா என்பது நாம் புதிதாகக் கேட்க வேண்டிய கேள்வியன்று. நம் சகோதரர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்து காட்டிய ஒன்று அது.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, இறைச்சி. அந்தச் சீட்டு வந்த பிறகு ஒருநாள் மாலை, நம் பிள்ளைகள் செல்லும் ஒரு கடைக்கு நானே சென்று, கோழி எங்கே அறுக்கப்படுகிறது என்று சமைக்கும் இளைஞரிடம் கேட்டேன். அவர் மரியாதையாக, "தெரியாதுங்க பாய், காலையில முதலாளி கொண்டுவந்து கொடுப்பார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்றார். தவறு, கேட்காமலேயே உண்டுகொண்டிருந்த நம்மிடத்தில் இருக்கின்றது. வீட்டில் சமைக்கும்போது இக்கேள்வியே எழுவதில்லை. நமக்குத் தெரிந்த கடையில், பிஸ்மில் கூறி அறுக்கப்பட்ட இறைச்சியை நாமே வாங்கி வருகின்றோம்.

இரண்டாவது, மது. சீனச் சமையலில் அரிசியிலிருந்து வடிக்கப்படும் மதுவை இறைச்சியில் ஊற்றும் வழக்கம் பரவலாக உண்டு. ஷாவ்ஷிங் மது என்பது அதில் பெயர்பெற்றது. 'அடுப்பில் வைத்ததும் ஆவியாகிவிடும்' என்று சிலர் சமாதானம் கூறுகின்றனர். மதுவை வாங்குவதும் வைத்திருப்பதும் உணவில் சேர்ப்பதுமே நமக்குத் தடுக்கப்பட்டிருக்க, ஆவியாகிறதா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கு இடமில்லை. அதன் வேலையை நம் வீட்டுப் பொருள்களே செய்யும். 2 மேசைக்கரண்டி கோழிச் சாறு, அரைத் தேக்கரண்டி வினிகர், ஒரு சிட்டிகை சீனி, சிறிது இஞ்சிச் சாறு இவற்றைக் கலந்தால் போதுமானது. இறைச்சியின் வாடையும் நீங்கும்.

மூன்றாவது, சோயா சாஸ். சோயா மொச்சை, கோதுமை, உப்பு இவற்றை மாதக் கணக்கில் நொதிக்கவைத்து இது செய்யப்படுகின்றது. அவ்வாறு நொதிக்கும்போது மிகச் சிறிதளவு சாராயச் சத்து தானாகவே தோன்றுகின்றது என்பதால் சிலர் ஐயுறுகின்றனர். இது மதுவாகத் தயாரிக்கப்படுவதன்று. உண்பவருக்குப் போதை தருவதுமன்று. ஆகவே இக்கால அறிஞர்கள் பலர் இதனை ஆகுமானதென்றே கூறியுள்ளனர். மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் ஹலால் முத்திரையுடனேயே இது விற்பனையாகின்றது. ஆயினும் புட்டியின் மேலுள்ள பொருட்பட்டியலைப் படியுங்கள். தனியாக மது சேர்க்கப்பட்டிருந்தால் அதை வாங்காதீர்கள்.

நான்காவது, வினிகர். இதைப் பற்றி ஐயமே வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் இல்லத்தாரிடம் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஏதேனும் கேட்டபோது, வினிகரைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அதையே கொண்டுவரச் செய்து உண்டார்கள். அதை நல்லதொரு துணையுணவு என்று புகழ்ந்தும் கூறினார்கள் என ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள்.

ஐந்தாவது, கடல் உணவு. நம் மஹல்லாவில் ஷாஃபிஈ மத்ஹபினரும் ஹனஃபி மத்ஹபினரும் கலந்து வாழ்கின்றோம். கணவாயும் சிப்பியும் ஷாஃபிஈ மத்ஹபில் ஆகுமானவை. ஹனஃபி மத்ஹபில் மீன் மட்டுமே ஆகுமானது. இறால் மீனினத்தைச் சேர்ந்ததா என்பதில் ஹனஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 'ஆய்ஸ்டர் சாஸ்' என்பது சிப்பியின் சாற்றிலிருந்து செய்யப்படுவதாகும். ஆகவே பக்கத்து வீட்டிற்கோ சம்பந்தி வீட்டிற்கோ கொடுத்தனுப்பும் முன் அதில் என்ன சேர்ந்துள்ளது என்று சொல்லிவிடுங்கள். அவரவர் மத்ஹபைப் பேணுவதற்கு நாம் துணையாக இருப்போம்.

ஆறாவது, சுவையூட்டி உப்பு. மோனோசோடியம் குளுட்டமேட் எனப்படும் இது 1908 இல் ஜப்பானிய அறிஞர் கிக்குனே இக்கேடா என்பவரால் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தற்காலத்தில் கரும்பு, மரவள்ளி போன்றவற்றின் மாவையும் சர்க்கரையையும் நொதிக்கவைத்துச் செய்யப்படுகின்றது. 2001 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தோனேசியாவில், இதன் உற்பத்தியின் ஒரு கட்டத்தில் பன்றியிலிருந்து பெறப்பட்ட நொதி பயன்பட்டது தெரியவந்து, அந்நாட்டு உலமா சபை அதனை ஹராம் என அறிவித்தது. கடைகளிலிருந்து அப்பொருள் திரும்பப் பெறப்பட்டு, உற்பத்தி முறையும் மாற்றப்பட்டது. வெள்ளைத் தூள் ஒன்றின் பின்னால் எத்தனை படிகள் மறைந்திருக்கின்றன என்பதற்கு இது ஒரு பாடம். ஹலால் முத்திரை உள்ளதை வாங்குங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். பூண்டும் மிளகும் நல்ல கோழிச் சாறும் இருக்கும் வீட்டில் அது இல்லாமலேயே சுவை வரும்.

இன்னுமொரு குறிப்பு. பொட்டலங்களின் மேலுள்ள பச்சைப் புள்ளி, அது சைவ உணவு என்பதைத்தான் காட்டும். மது உண்டா இல்லையா என்பதை அது கூறாது. இதைப் பலரும் அறியாதிருக்கின்றனர்.

சமைக்கும் முறை

தாய்மார்களே, இனி நான் சொல்லப்போவது நீங்கள் எனக்குக் கற்பிக்க வேண்டியவை. எனினும் என் இல்லத்தில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கின்றேன். முதன்முறை நாங்கள் செய்த ஃப்ரைடு ரைஸ், நோன்புக் கஞ்சிக்கும் பிரியாணிக்கும் இடைப்பட்ட ஒன்றாக வந்தது. சுடுசோற்றைச் சட்டியில் கொட்டிக் கிளறியதே காரணம்.

6 பேருக்கு அரை கிலோ அரிசி போதும். நிறையத் தண்ணீரில் உப்பிட்டு, முக்கால் பதத்திற்குச் சற்று மேல் வேகவைத்து வடித்து, அகன்ற தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். ஆறியதும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சோற்றை இரவு முழுவதும் வெளியே வைத்திருந்து மறுநாள் பொரிப்பது ஆபத்தானது. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்த பின்னும் சாகாமல் இருந்து, வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடேற்றினாலும் அந்நஞ்சு போவதில்லை. 1971 இல் பிரிட்டனில் உணவகங்களின் ஃப்ரைடு ரைஸை உண்டவர்களுக்கு ஏற்பட்ட வாந்தி நோய்க்கு இதுவே காரணம் என்று கண்டறியப்பட்டது. ஆகவே வடித்த 1 மணி நேரத்திற்குள் ஆறவைத்துக் குளிரில் வைப்பதே பாதுகாப்பு.

எலும்பில்லாத கோழி 300 கிராம் எடுத்துச் சிறு துண்டுகளாக்கி, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, 1 மேசைக்கரண்டி சோளமாவு, மிளகுத்தூள், உப்பு சேர்த்து 20 நிமிடம் ஊறவையுங்கள். இறைச்சி பஞ்சு போல் மென்மையாக இருப்பதற்கு இதுவே காரணம். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், குடமிளகாய், வெங்காயத்தாள், பூண்டு அனைத்தையும் ஒரே அளவில் பொடியாக நறுக்கி முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பைப் பற்றவைத்த பின் நறுக்க நேரமிருக்காது. சீனச் சமையலில் பாதி வேலை அரிவாள்மனையிலேயே முடிந்துவிடுகிறது.

இரும்புச் சட்டியை இலேசாகப் புகை வரும்வரை காயவைத்து எண்ணெய் ஊற்றுங்கள். முதலில் 4 முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளறி எடுத்துவிடுங்கள். அடுத்து கோழியை நன்கு வேகும்வரை வதக்கி எடுத்துவிடுங்கள். பிறகு பூண்டு, காய்கறிகள். பெருந்தீயில் 2 நிமிடம் மட்டும். காய்கள் நறுக்கென்றிருக்க வேண்டும். அதன்மேல் குளிர்ந்த சோற்றை உதிர்த்துப் போட்டு, 2 மேசைக்கரண்டி சோயா சாஸைச் சட்டியின் ஓரமாக ஊற்றி, 1 தேக்கரண்டி வினிகரும் மிளகுத்தூளும் சேர்த்துப் புரட்டி, முட்டையையும் கோழியையும் கலந்து, வெங்காயத்தாளைத் தூவி இறக்குங்கள். நம் வீட்டு அடுப்பின் தீ கடைகளின் தீயைப் போன்றதன்று. ஆகவே அனைத்தையும் ஒரே தடவையில் போடாமல் 2 அல்லது 3 பகுதியாகச் செய்வதே நல்லது. சோயா சாஸிலேயே உப்பு மிகுதி என்பதால் தனியுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் சாஸையும் குறையுங்கள்.

மற்றொன்று, வடமேற்குச் சீனாவின் முஸ்லிம்கள் விரும்பும் சீரக ஆட்டிறைச்சி. இதற்குப் புட்டிகள் வேண்டியதில்லை; நம் அஞ்சறைப் பெட்டியே போதும். இளம் ஆட்டின் தொடைக்கறி அரை கிலோவை, உறைபெட்டியில் அரை மணி நேரம் வைத்துக் கெட்டியாக்கினால் மெல்லிய சீவல்களாக அறுக்க வரும். நாருக்குக் குறுக்காக அறுக்க வேண்டும். 1 மேசைக்கரண்டி சோயா சாஸ், 1 மேசைக்கரண்டி சோளமாவு, இஞ்சிச் சாறு சேர்த்து ஊறவைத்து, பெருந்தீயில் சிறிது சிறிதாகப் பொரித்தெடுங்கள். பிறகு அதே சட்டியில் காய்ந்த மிளகாய், பூண்டு, நீளவாக்கில் அரிந்த வெங்காயம், வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த 2 மேசைக்கரண்டி சீரகம் இவற்றை வதக்கி, இறைச்சியைச் சேர்த்துப் புரட்டி, கொத்தமல்லி இலையை அள்ளித் தூவுங்கள். எங்கள் வீட்டில் இதை உண்ட ஒரு முதியவர், "இது நம்ம ஊர்க் கறிதானே?" என்று கேட்டார். ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

ஆண்களுக்கு ஒரு சொல்

சகோதரர்களே, இத்தனையையும் கேட்டுவிட்டு வீட்டிற்குச் சென்று, "இமாம் சொல்லிவிட்டார், நாளைக்கு ஃப்ரைடு ரைஸ் செய்" என்று ஆணையிட்டு விடாதீர்கள். பகல் முழுவதும் உழைத்த பெண்கள் மீது மேலும் ஒரு சுமையை ஏற்றுவதற்காக நான் இதைப் பேசவில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழச் சென்றுவிடுவார்கள் என்று பதிலளித்தார்கள். மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்திற்கும் நன்மை உண்டு என்று நபியவர்கள் கற்பித்திருக்கின்றார்கள். தாடி வைப்பதிலும் தலைப்பாகை அணிவதிலும் சுன்னத்தைத் தேடும் நாம், காய்கறி நறுக்குவதில் ஏன் தேடுவதில்லை?

பெருந்தீயில் கனமான சட்டியைப் புரட்டும் இச்சமையல் ஆண்களின் கைக்கு ஏற்றது. என் இல்லத்தில் இரண்டாம் முறை செய்தபோது, அதுவரை வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மூத்த மகன், "வாப்பா, தீயைக் கூட்டுங்க, நீங்க கிண்டுறீங்க, அவங்க தட்டி எடுப்பாங்க" என்று கூறிக் கரண்டியை வாங்கிக்கொண்டான். அவன் எந்தக் கடையில், எத்தனை இரவுகள் நின்று அதைப் பார்த்திருக்கின்றான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊருக்கெல்லாம் பயான் செய்த நான், என் வீட்டு ஸஹனில் ஓர் இடம் காலியாகிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. அன்று நான் அவனைக் கண்டிக்கவில்லை. அருகில் நின்று வெங்காயத்தாள் நறுக்கினேன். அவன் பேசிக்கொண்டே சமைத்தான். நெடுநாட்களுக்குப் பின் அவன் என்னிடம் அவ்வளவு நேரம் பேசினான்.

ஸஹனைச் சுற்றி

நாம் எவ்வளவு உண்டும் வயிறு நிறையவில்லை என்று தோழர்கள் முறையிட்டபோது, நீங்கள் தனித்தனியே உண்கிறீர்கள் போலும், ஒன்றுகூடி அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுங்கள், அதில் பரக்கத் செய்யப்படும் என்னும் கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். தம் வளர்ப்பில் இருந்த சிறுவர் உமர் பின் அபீஸலமா (ரலி) அவர்களின் கை தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது, பிஸ்மில்லாஹ் கூறி, வலக்கரத்தால், உனக்கருகில் உள்ளதை உண் என்று கற்பித்தார்கள். சிந்தியுங்கள்! அந்தச் சிறுவர் அந்தத் தட்டருகே அமர்ந்திருந்ததால்தானே அக்கல்வி அவருக்குக் கிடைத்தது? பிள்ளை ஸஹனுக்கு வந்தால்தான் ஒழுக்கத்தைக் கற்பிக்க இயலும். அவனை ஸஹனுக்கு அழைத்து வருவது ஒரு தட்டு நூடுல்ஸ் என்றால், அதில் நமக்கென்ன இழப்பு?

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, வீண்விரயம் வேண்டாம். வாரத்திற்கொரு முறை, அல்லது மாதத்திற்கு இரு முறை போதுமானது. கடையில் 4 பேர் உண்ணும் செலவில், வீட்டில் குடும்பம் முழுவதும் உண்டு அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். குழம்பு சமைத்தால் அதில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு நபியவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். வாசனை எட்டும் வீட்டிற்குக் கிண்ணமும் எட்டட்டும். மற்றொன்று, நம் பாட்டிமார்களின் ஆணங்களையும் கஞ்சியையும் பிள்ளைகள் இழிவாக எண்ண இடந்தராதீர்கள். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. பிடித்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். இப்பண்பு பிள்ளைகளுக்கும் வேண்டும், பிள்ளைகளின் உணவைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கும் வேண்டும்.

அருமைச் சகோதரர்களே, சகோதரிகளே! அந்தத் தாயிடமிருந்து பின்னர் இன்னொரு சீட்டு வந்தது. வியாழன் இரவுகளில் மகன் வீட்டிலேயே சமைத்து உண்கின்றானாம். மற்ற நாட்களில் சில வேளை வெளியே செல்லத்தான் செய்கின்றானாம். 'ஆனால் ஹஸ்ரத், இப்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறான், கறி எங்கே வாங்கினது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுகிறான்' என்று எழுதியிருந்தார். ஓர் உரையால் ஆகாததை ஒரு தாயின் அடுப்பு ஆக்கியிருக்கின்றது. அல்ஹம்து லில்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் உணவை ஹலாலானதாகவும் தூய்மையானதாகவும் ஆக்குவாயாக! எங்கள் இல்லங்களின் ஸஹன்களில் எவருடைய இடமும் காலியாகாமல் காப்பாயாக! எங்களுக்காக அடுப்படியில் நின்று உழைத்த தாய்மார்களில் மறைந்தோருக்கு மறுமையில் உயர்ந்த பதவியையும், இருப்போருக்கு உடல்நலத்தையும் வழங்குவாயாக! பசித்திருப்போரை நினையாமல் உண்ணும் நிலையிலிருந்து எங்களைப் பாதுகாப்பாயாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.